என் பேரில் நீ எழுதிய விலகல் கடிதம்

தம்பி,

நீ அனுப்பிய கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. உன் கடிதம் என்று சொல்வது கூடப் பிழை. அதில் இருப்பது என் பெயர், என் பதவி, என் வீட்டு விலாசம். "குடும்பக் காரணங்களாலும் உடல்நிலை காரணமாகவும் எஸ்தோனியப் பயணத்திலிருந்து விலகிக்கொள்ள அனுமதிக்குமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்" என்று என் குரலில் கெஞ்சியும் இருக்கிறாய். கீழே கையெழுத்துக்கு அளவாக ஒரு கோடு. "அம்மா, இதைப் பிரிண்ட் எடுத்து சைன் வைச்சுக் குடுத்திடுங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்" என்று மேலே ஒரு வரி. அதைக் கந்தோரில் அச்செடுத்தபோது இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்ற, என்னோடு வேலை செய்கிற ரிஸ்வானாதான் முதலில் எடுத்துப் பார்த்தாள். வாசித்துவிட்டுக் கவிழ்த்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். எனக்கு முகம் எரிந்தது.

முப்பத்தொரு வருசமாக ஒரு பல்கலைக்கழகத்தின் பதிவுக் கிளையில் கடிதம் வாங்கிக்கொண்டிருப்பவள் நான். எந்தக் கடிதம் மனசார எழுதியது, எது பக்கத்தில் ஆள் நின்று எழுதுவித்தது என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுவேன். உன்னுடையதில் திகதி, பொருள், பந்தி பிரித்த விதம் எல்லாம் ஒழுங்காக இருந்தன. எனக்கு என்ன வருத்தம் என்பதுதான் இல்லை. என் உடல்நிலைக்கு என்னடா வந்தது? போன மாதம் துறைமுக வீதியில் என் சாமான் பையை இழுத்துக்கொண்டு ஓடிய, எங்கள் பட்டினத் தெருக்களில் திரிகிற மான் ஒன்றைத் துரத்திப் பிடித்துத் தக்காளியை மீட்டவள் நான்.

இந்தப் பதிலை உனக்கு மட்டும் எழுதியிருக்கலாம். ஆனால் நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் "அம்மா போகேல்லை, என்ரை கலியாண வேலை இருக்கு" என்று குடும்பக் குழுவில் போட்டாய். மாமாமாரும் சித்திமாரும் வரிசையாக வந்து கைகூப்பி, "நல்ல முடிவு" என்று எழுதினார்கள். ஆகவே இதையும் அதே குழுவில் போடுகிறேன். எல்லோரும் ஆறுதலாக இருந்து வாசிக்கட்டும்.

இது என்ன பயணம் என்று அவர்களில் பலருக்கும் தெரியாது. உனக்கே சரியாகத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். படிப்பு இல்லை, மாநாடு இல்லை, சான்றிதழ்கூட ஒரு தாள்தான். ஒரு நாட்டுப் பல்கலைக்கழகக் கந்தோரில் வேலை செய்கிற ஒருத்தி, இன்னொரு நாட்டில் அதே வேலையைச் செய்கிற ஒருத்தியின் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, அவள் நாள் முழுக்க என்ன செய்கிறாள் என்று பார்ப்பது. நிழல் மாதிரிக் கூடவே திரிவது. பிறகு அவள் இங்கே வந்து இவளைப் பார்ப்பது. பேராசிரியர்மார் காலம் காலமாகப் பறந்து திரிகிறார்கள், யாரும் ஏன் என்று கேட்பதில்லை. விண்ணப்பம் வாங்குகிறவள், முத்திரை குத்துகிறவள், பிள்ளைகளுக்குப் பதில் சொல்கிறவள் போவது என்றதும்தான் உனக்குச் சிரிப்பு வந்தது. "வேலை செய்யிறதைப் பாத்துக்கொண்டு இருக்கிறதுக்கு ஒரு பிளேனோ அம்மா?" என்று கேட்டாய். உன் அப்பாவும் பகிடி பண்ணினவர்தான். "நிழலுக்கும் விசா கேக்கிறாங்களோ?" என்றார். ஆனால் அவர் பகிடி பண்ணிவிட்டு, பரணில் ஏறி என் பயணப் பெட்டியை இறக்கித் தூசி தட்டி வைத்தார்.

எங்கள் விசயத்தில் முதலில் வந்தது அவர்கள் ஆள். மாசி மாதம் வந்தாள், காத்ரின் என்று பெயர். அவளுடையதும் துறைமுகப் பட்டினம்தானாம். ஆனால் மாரியில் கடல் உறைந்துவிடுமாம். ஐந்து நாள் என் கதிரைக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தாள். அவளுடைய இங்கிலீசும் நொண்டி, என்னுடையதும் நொண்டி. "அங்க போய் என்னத்தைக் கதைக்கப் போறீங்கள்?" என்று கேட்டாயே, இங்கே கதைத்ததைத்தான் அங்கேயும் கதைப்போம். பத்திரக் கோவையைத் திறந்து காட்டினால் அவளுக்கு விளங்கும், அவள் விரலை வைத்துக் காட்டினால் எனக்கு விளங்கும். நான் முத்திரை குத்துவதைக்கூடப் படம் எடுத்தாள்.

மூன்றாம் நாள், மூன்று மணிக்கு நான் எழும்பிப்போய் விண்ணப்ப யன்னலைச் சாத்தினேன். ஏன் சாத்துகிறாய் என்று கேட்டாள். மூன்று மணி என்றேன். கந்தோர் நாலேகால் வரைக்கும் திறந்திருக்கிறதே என்றாள். அது விதி என்றேன். அந்த விதியைப் பார்க்கலாமா என்றாள். குத்திக் கேட்கவில்லை, உண்மையாகவே பார்க்கத்தான் ஆசைப்பட்டாள். நானும் ரிஸ்வானாவும் இரண்டு நாள் அலுமாரி அலுமாரியாகத் தேடினோம். சுற்றறிக்கை இல்லை, குறிப்பு இல்லை, ஒரு துண்டுக் கடதாசி இல்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் கோவைகளைக் கட்டிக்கொண்டு இருக்கும்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கந்தோர் ஆட்களை ஏற்றிப்போக ஒரு பஸ் இருந்தது. மூன்றரைக்கு வெளிக்கிடும். அதற்கு முதல் மேசையை ஒதுக்கவேண்டும் என்றுதான் மூன்று மணிக்கு யன்னலைச் சாத்தினோம். அந்த பஸ் நீ பிறப்பதற்கு முதலே நின்றுவிட்டது. அதன் முன் ஆசனத்தில் இருந்து போனவளும் நான்தான், அது நின்ற பிறகும் யன்னலைச் சாத்திக்கொண்டே இருந்தவளும் நான்தான்.

இதில் என்ன பெரிய விசயம் என்று கேட்பாய். சொல்கிறேன், உனக்கு இதுவரைக்கும் சொல்லாதது. நீ மூன்றாம் வகுப்பில் படித்த வருசம், புதிய மாணவர் பதிவின் கடைசி நாள். நான் யன்னலைச் சாத்தித் திறப்பைத் திருப்பி ஐந்து நிமிசம் இருக்காது, ஒரு பிள்ளை கண்ணாடியில் தட்டினாள். கட்டைபறிச்சான் என்ற ஊர்ப் பிள்ளை. அப்போது மூதூர்ப் பக்கத்து ஆட்களுக்குத் தரைவழி என்றால் துறைக்குத் துறை மாறி வரவேண்டும், அரை நாள் போய்விடும். கடலைக் கடக்கிற லோஞ்சில், இயந்திரப் படகில், வந்தால்தான் உண்டு. நெற்றியெல்லாம் வேர்த்து, கையில் ஒரு பொலித்தீன் பைக்குள் பத்திரங்கள். "அக்கா, லோஞ்சு பிந்திப்போச்சு" என்றாள். நான் சுவரில் இருந்த மணிக்கூட்டைக் கையால் காட்டினேன். நாளைக்குக் கடிதத்தோடு வா என்றேன். கடிதத்தோடு வந்தாள். ஆனால் அன்றைக்குப் பிந்திய விண்ணப்பமாகிவிட்டது, பிந்தியது என்றால் குழுவுக்குப் போகவேண்டும், குழு கூடவே இரண்டு மாதம் சென்றது. அந்தப் பிள்ளைக்கு ஒரு வருசம் போனது.

எனக்கு அன்றைக்கு அவசரம் ஒன்றும் இருக்கவில்லை, தம்பி. உன்னைப் பள்ளிக்கூடத்தில் இருந்து கூட்டிவரவேண்டும் என்று சாட்டுச் சொல்லலாம், அது பொய். உன்னை அப்பா கூட்டிவந்தார். பூட்டினதைத் திறக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். அடுத்த வருசம் அவள் வந்து வரிசையில் முதல் ஆளாக நின்றாள். விண்ணப்பத்தை நீட்டும்போது, "இண்டைக்கு மணியைப் பாத்துத்தான் வந்தனான், அக்கா" என்றாள். அவள் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். பணிவாகச் சொன்னாள்.

இதைக் காத்ரினுக்கு என் நொண்டி இங்கிலீசில் சொன்னேன். அவள் என் தோளைத் தட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. எங்களுக்கும் அப்படி ஒரு யன்னல் இருந்தது, இப்போது யன்னலே இல்லை, பிள்ளை உள்ளே வந்து எங்கள் மேசையிலேயே எங்களுக்குப் பக்கத்தில் இருப்பாள், வந்து பார் என்றாள். யன்னல் இல்லாத பதிவுக் கிளையா? எனக்கு அது நம்பமுடியாத கதை. முந்நூறு பிள்ளைகள் ஒரே நாளில் வந்தால் என்ன செய்வார்கள்? கோவைகளை எங்கே வைப்பார்கள்? ஒருத்தி சத்தம் போட்டால்? ஒரு நீலக் கொப்பியில் இப்படி நாற்பத்தியொரு கேள்வி எழுதி வைத்திருக்கிறேன். அதைப் பார்க்கத்தான் போகிறேன். பனியைப் பார்க்க இல்லை. காத்ரின் போன அடுத்த திங்கள் உதவிப் பதிவாளரிடம் போய், இனி யன்னலை நாலு மணி வரைக்கும் திறந்து வைக்கப்போகிறேன் என்றேன். கடிதம் வேணுமோ என்றார். "கடிதம் இல்லாமல்தானே, சேர், வந்தது, கடிதம் இல்லாமலே போகட்டும்" என்றேன். சிரித்துவிட்டு ஓம் என்றார்.

இனி உன் ஆட்சேபங்களுக்கு வருவோம். அப்பாவுக்கு யார் சமைப்பது என்று கேட்டாய். உன் அப்பா இழுவைக் கப்பலில் இருபது வருசம் குசினியில் நின்ற மனிசன் என்பது உனக்கு மறந்துவிட்டதா? நீ கேட்டதை அவரிடம் சொன்னேன். "பத்துப் பேருக்கு, கப்பல் ஆடேக்க அவிச்சுப் போட்டவனுக்கு ஒரு வயித்துக்கு ஏலாதாமோ? அவனுக்குப் பசிச்சால் வரச்சொல்லு, சூடை மீன் சொதி வைச்சுத் தாறன்" என்றார். உண்மையைச் சொன்னால் இந்த வீட்டில் நல்ல சொதி வைப்பது நான் இல்லை.

ஓய்வுக்குப் போகிற வயதில் எதற்கு, இளம் ஆள் ஒருத்தியை விடலாமே என்றாய். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருசமும் நாலு மாதமும் இருக்கிறது. அதற்குள் எத்தனை பிள்ளைகள் அந்த யன்னலுக்கு வரப்போகிறார்கள். இளம் ஆள் என்று நீ சொன்னது ரிஸ்வானாவைத்தான். குறிஞ்சாக்கேணியில் இருந்து ஸ்கூட்டியில் வருகிறவள், இரண்டு சின்னப் பிள்ளைகளின் தாய், என்னைவிடக் கெட்டிக்காரி. உன் கடிதம் வந்த அன்றைக்குப் பின்னேரம் அவளிடமே கேட்டேன், நான் விலகினால் நீ போகிறாயா என்று. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க குடும்பக் காரணம் எண்டு எழுதிக் குடுங்க அக்கா, அடுத்த முறை என்ட பேர் வந்தா, பொம்புளைகள் கடைசி நேரத்துல நிண்டுருவாங்க எண்டு சொல்லி ஆம்புளை ஆள்தான் போவாரு. வழிய அடைச்சிப்போட்டு என்னைப் போகச் சொல்றீங்களா?" என்றாள். சரியாகத்தான் கேட்டாள்.

அடுத்தது பொன்னுருக்கு. இதில்தான் நீ என்னை மடக்கிவிட்டதாக நினைத்தாய். நீ கட்டப்போகிற தாலிக்குப் பொன் உருக்குவது மாப்பிள்ளை வீட்டில்தான் நடக்கும், மாப்பிள்ளையின் தாய் நிற்காமல் அது நடக்காது. அந்த நாள் சரியாக நான் காத்ரினின் கந்தோரில் இருக்கும் இரண்டாவது கிழமையில் வந்தது. "நான் என்னம்மா செய்யிறது, ஐயர் குறிச்ச நாள்" என்று தொலைபேசியில் நீ சொன்னபோது உன் குரலில் கவலை இருந்தது. நான் அழுதேன், அதை உனக்குச் சொல்லவில்லை. ஒரு கிழமை முழுக்க மனதுக்குள் பெட்டியைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாகத் திரிந்தேன். விலகிவிடுவது என்று கிட்டத்தட்ட முடிவே எடுத்துவிட்டேன். உன் கடிதம் மட்டும் வராமல் இருந்தால், நானே ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்தும் வைத்திருப்பேன்.

புதன்கிழமை கோயிலுக்குப் போனேன். அர்ச்சனை முடிந்ததும் ஐயரிடம், இந்த நாளைக் கொஞ்சம் தள்ளி வைக்க ஏலாதா, எனக்கு ஒரு பயணம் இருக்கிறது என்று கேட்டேன். அந்த மனிசன் என்னை அதிசயமாகப் பார்த்தார். "அம்மா, நான் ரெண்டு நாள் எழுதிக் குடுத்தனான். ரெண்டாவது நாள்தான் இன்னும் நல்லது எண்டும் சொன்னனான். தம்பிதான் முந்தின நாளை எடுத்தவர். உங்களுக்குச் சொல்லேல்லையோ?" என்றார். சொன்னவன்தான் என்று சமாளித்துவிட்டு வந்தேன். பெற்ற பிள்ளையை ஐயருக்கு முன்னால் பொய்யனாக்க மனம் வரவில்லை. இப்போது குடும்பம் முழுவதற்கும் முன்னால் சொல்கிறேன், ஏனென்றால் நீ குடும்பம் முழுவதற்கும் முன்னால்தான் என்னை வீட்டில் நிறுத்தினாய்.

இரண்டாவது நாள், நான் திரும்பி வந்து நாலாம் நாள். கலியாணத்துக்கு ஐந்து நாள் முந்தி. எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. உனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டுதான் மற்ற நாளில் விரல் வைத்தாய். என்னை வேண்டாம் என்றிருந்தால் நேரே சொல்லியிருக்கலாம். சண்டை பிடித்திருப்பேன், முடிந்திருக்கும். நல்ல நாளைக் கொண்டுவந்து எனக்குக் கதவு சாத்துவாய் என்று நான் நினைக்கவே இல்லை. கோபம் மட்டும் என்றால் பரவாயில்லை, தம்பி. நோகிறது.

ஆனால் நீ இதை எங்கே படித்தாய் என்று மூன்று நாளாக யோசித்தேன். விடை கிடைத்தது, எனக்குப் பிடிக்காத விடை. உன் உயர்தரப் பரீட்சை வருசத்தில் எனக்கு மலேசியாவில் மூன்று கிழமைப் பயிற்சி ஒன்று வந்தது. நான் போகவில்லை. அதற்குப் பிறகு எத்தனை முறை உனக்குச் சொல்லிக்காட்டியிருப்பேன், உனக்காகத்தான் போகாமல் நின்றனான் என்று. நீ பெறுபேறு கொண்டுவந்த நாளில் சொன்னேன். கொழும்பில் வேலை கிடைத்த நாளில் சொன்னேன். பொம்பிளை பார்க்கப் போன வீட்டில், சம்பந்தி அம்மா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்த நேரத்தில்கூடச் சொன்னேன். அது பொய். நீ யாரையும் நிற்கச் சொல்லவில்லை. எனக்குப் பயம். விமானத்துக்குப் பயம், இங்கிலீசுக்குப் பயம், மற்ற நாட்டு ஆட்களுக்கு முன்னால் வாயைத் திறந்து அவமானப்படுவேன் என்று பயம். அந்தப் பயத்துக்கு உன் பெயரை வைத்துக் கடிதம் எழுதினேன். அந்தக் கடிதத்தில் நான் எழுதிய காரணம் என்ன தெரியுமா? "குடும்பக் காரணங்களால்." நீ இப்போது எழுதியிருப்பதும் அதே சொல்தான். அம்மா என்றால் கடைசி நேரத்தில் நின்றுவிடுகிறவள் என்று உனக்குச் சொல்லித் தந்தவள் நான். செய்யாத ஒன்றுக்கு உன்னைப் பத்து வருசத்துக்கு மேலே கடன்காரன் மாதிரி நிற்க வைத்ததும் நான்தான். அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், முழு மனதோடு. பொன்னுருக்கு நாளுக்கு நீ என்னிடம் கேட்கவேண்டியது தனி. இரண்டையும் ஒன்றுக்கொன்று கழித்துவிடாதே.

கலியாணம் முடிக்கப்போகிறவனுக்குத் தாய் புத்தி சொல்வது வழக்கம். எனக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. அந்தப் பிள்ளையின் பேரில் நீ கடிதம் எழுதாதே. அவள் வேலையை விடுவதா, பயணம் போவதா, யார் வீட்டுக்கு வருவதா, வராமல் விடுவதா, எதுவாக இருந்தாலும் அவள் வாயைத் திறந்து சொல்லும்வரை பொறுத்திரு. அவளுக்கு நல்லதுக்குத்தான் செய்கிறேன் என்று உனக்குத் தோன்றும். அப்படித் தோன்றுகிற நேரத்தில்தான் இன்னும் கவனமாக இரு. நீ கெட்டவன் இல்லை. காய்ச்சலில் நான் கிடந்த நாளெல்லாம் கொழும்பில் இருந்து ஒவ்வொரு கிழமையும் பஸ் ஏறி வந்தவன். அன்புள்ளவன்தான். ஆனால் அன்பு வைத்தவர்களுக்காக நீயே முடிவெடுத்துவிடுகிற பழக்கம் இருக்கிறது. அது என்னோடு முடியட்டும்.

நேற்று நானே சம்பந்தி வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். உன் வருங்கால மனைவிதான் எடுத்தாள். "மாமி, நீங்கள் பயணத்தை விட்டிட்டீங்கள் எண்டு இவர் சொன்னவரே" என்றாள். விடவில்லை என்றேன். பிறகு, "எனக்கு அங்க இருந்து படம் அனுப்புவீங்களோ மாமி?" என்று கேட்டாள். அவளுக்கும் அவளுடைய தாய்க்கும் இரண்டாவது நாள் முழுச் சம்மதம். தாலி செய்கிற ஆசாரியாருக்குச் சொல்லிவிட்டேன். ஐயர் எழுதி வைத்துவிட்டார். விசா குத்தி வந்துவிட்டது, குளிர்ச் சட்டையை ரிஸ்வானா தன்னுடைய நானாவின், அதாவது அண்ணனின், பெண்சாதியிடம் வாங்கிக் கொண்டுவந்து தந்தாள், கை கொஞ்சம் நீளம், மடித்துத் தைத்துவிட்டேன். உன் பங்குக்கு இருப்பது ஒரே ஒரு வேலை. லீவு போட்டுவிட்டு அந்த நாளைக்கு வந்து, மணையில் இரு. நான் உனக்குப் பக்கத்தில் நிற்பேன்.

உன் கடிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன், பதிவுத் தபாலில். நீ எனக்கென்று விட்டிருந்த கோட்டில் கையெழுத்து வைக்கவில்லை. மேலே இடது மூலையில், நாங்கள் வழக்கமாகக் குறிப்பெழுதும் இடத்தில், சிவப்பு மையால் எழுதியிருக்கிறேன்:

"பார்த்தேன். விண்ணப்பதாரியின் சம்மதம் பெறப்படவில்லை. நடவடிக்கை எதுவும் தேவையில்லை. எழுதியவருக்கே திருப்புக."

அதற்குக் கீழே இருப்பதுதான் என் கையெழுத்து. நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்.

அம்மா